கட்டின் அடியில் ஈரம், வான் வாயில் மண் மூட்டை: தோட்டக் குளம் வாங்கியவர்களுக்கு

கேள்வி: நாங்கள் வெள்ளவத்தையில் இருக்கிறோம். மூன்று குடும்பங்கள் சேர்ந்து பாதுக்கைப் பக்கம் ஒரு பழைய இறப்பர் தோட்டத்தை வாங்கினோம். அதில் 2 ஏக்கர் அளவில் ஒரு குளம் இருக்கிறது. சனி ஞாயிறுகளில் பிள்ளைகள் வள்ளம் ஓட்டுவார்கள், தூண்டில் போடுவார்கள். மண்ணால் கட்டிய அணை, 12 அடி உயரம் வரும். ஐப்பசி மழைக்குப் பிறகு அணையின் அடியில் ஓரிடம் காயாமல் ஈரமாகவே இருக்கிறது. “அது எப்பவும் அப்படித்தான்” என்கிறார் காவலாளி. அந்த மண் கட்டின் மேல் பெரிய மரங்களும் நிற்கின்றன. தண்ணீர் இன்னும் ஓரடி கூடினால் வள்ளம் ஓட்ட வசதி என்று, குளம் நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடும் வான் வாயில் மண் மூட்டை அடுக்கலாமா என்று என் மைத்துனர் கேட்கிறார். கீழே வயலும் நான்கு வீடுகளும் உண்டு. பயப்பட வேண்டுமா?

பதில்: மண் மூட்டை அடுக்க வேண்டாம். ஏற்கனவே அடுக்கியிருந்தால் இன்றைக்கே ஆளனுப்பி எடுத்துவிடுங்கள். நீங்கள் எழுதிய எல்லாவற்றிலும் என்னைக் கூடுதலாகப் பயமுறுத்துவது அந்த ஈரம் அல்ல, இந்த மூட்டைதான்.

மண் அணைக்கு வான்தான் உயிர். கொங்கிறீற்று அணையின் மேலால் தண்ணீர் வழிந்தால் அது கொஞ்ச நேரமாவது தாங்கும். மண் கட்டின் மேலால் வழிந்தால், பின்பக்கச் சரிவில் ஓடும் நீர் அடியிலிருந்து மண்ணை அரித்து அரித்து மேலே ஏறும். உச்சியை எட்டிவிட்டால் பிறகு யாராலும் நிறுத்த முடியாது. அதனால்தான் வானின் மட்டத்துக்கும் கட்டின் உச்சிக்கும் நடுவில் சில அடி வெறுமனே விடப்படுகிறது. பெருமழை வந்தால் தண்ணீர் ஏறி நிற்பதற்கான இடம் அது. உங்கள் மைத்துனர் கேட்கும் ஓரடி அதிலிருந்துதான் போகிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சுற்றியுள்ள மேட்டு நிலத்தில் 50 ஏக்கரின் நீர் உங்கள் குளத்துக்கு வருகிறது என்று வையுங்கள். 100 மில்லிமீற்றர் மழை விழுந்து, பாதியை நிலம் குடித்துவிட்டாலும், மீதிக்கு வெளியேற வழி இல்லையென்றால் 2 ஏக்கர் குளத்தின் மட்டம் 4 அடி ஏறும். நம் பக்கத்தில் 100 மில்லிமீற்றர் என்பது அதிசயமான மழை அல்ல. 1992 ஜூனில் கொழும்பில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 490 மில்லிமீற்றர் கொட்டியது.

மூட்டை இல்லாமலே வான் அடைபடும். இறப்பர் இலைக் குப்பை, சல்வீனியா என்ற மிதக்கும் களை, முறிந்த கொப்புகள் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். அதைவிட மோசம், வளர்க்கிற மீன் போய்விடக்கூடாது என்று வான் வாயில் கட்டும் வலை. கட்டின அன்றைக்கு அதற்குள்ளால் தண்ணீர் நன்றாகத்தான் போகும். மழை இரவில் குப்பை வந்து ஒட்டினால் சுவர் மாதிரி நின்றுவிடும். உங்கள் குளத்தில் வலை இருந்தால் கழற்றிவிடுங்கள், போகிற மீன் போகட்டும்.

இனி ஈரத்துக்கு வருவோம். “எப்பவும் அப்படித்தான்” என்று காவலாளி சொல்வது சரியாகவும் இருக்கலாம். கசியாத மண் அணை கிடையாது. எவ்வளவு கசிகிறது, அது கூடுகிறதா, தெளிந்த நீரா கலங்கல் நீரா என்பதைத்தான் பார்க்க வேண்டும். தெளிந்த நீர் என்றால் தண்ணீர் மட்டும் வெளியே வருகிறது. கலங்கல் என்றால் கட்டின் உள்மண்ணும் சேர்ந்து வருகிறது, உள்ளே ஒரு குழாய் மாதிரித் துளை உருவாகிறது என்று பொருள். வெளியே பார்த்தால் புல் பச்சையாக, அழகாகவே இருக்கும்.

கண்ணால் பார்த்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். ஈரமான இடத்தில் சின்னதாக ஒரு வாய்க்கால் கீறி, துண்டுக் குழாய் ஒன்றை வைத்து நீரை ஓரிடத்துக்கு வரவிடுங்கள். வெட்டுவது கட்டுக்கு வெளியே, தள்ளி இருக்க வேண்டும், கட்டின் அடியைத் தோண்டக்கூடாது. கண்ணாடிப் போத்தலில் நீரைப் பிடித்து ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்திருந்தால் தாமதிக்காமல் பொறியியலாளரைக் கூப்பிடுங்கள். அப்புறம், வாளி நிரம்ப எவ்வளவு நேரம் என்பதைக் கைப்பேசியில் பார்த்து, அன்றைய குள மட்டத்தோடு சேர்த்து ஒரு கொப்பியில் எழுதி வரச் சொல்லுங்கள். மட்டத்தைப் பார்க்க, அடிக்கணக்குக் குறித்த ஒரு கம்பத்தைக் குளத்தில் நட்டால் போதும். குளம் நிரம்பும்போது கசிவு கூடுவது இயல்பு. மட்டம் மாறாமல் கசிவு மட்டும் கூடினால் அது இயல்பல்ல.

இங்கே பலர் தடுமாறும் ஓர் இடம் உண்டு. மேல் மாகாணத்துக் கபுக்கு மண்ணில், அதாவது செம்புரை மண்ணில், இரும்பு அதிகம். கசிவு நீர் வெளிவரும் இடத்தில் செம்மஞ்சள் நிறத்தில் வழுவழுப்பாக ஒரு படிவும், மேலே எண்ணெய்ப் படலம் போல ஒரு மினுக்கமும் தெரியும். இரும்பில் வாழும் நுண்ணுயிர்கள் செய்வது அது. குச்சியால் தொட்டால் படலம் துண்டு துண்டாக உடையும், எண்ணெய் என்றால் திரும்ப ஒட்டிக்கொள்ளும். இந்த நிறத்தைப் பார்த்து “மண் போகுது” என்று பதற வேண்டாம். படிவை ஒதுக்கிவிட்டு, புதிதாக ஊறி வரும் நீரைப் பிடித்துப் பாருங்கள்.

கலங்கல் வந்தால் நேரம் குறைவு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று உடைந்தது. காலை ஏழு, ஏழரை மணியளவில் கலங்கல் கசிவு கண்ணில் பட்டது, நண்பகலுக்குச் சற்று முன் அணை போய்விட்டது. 11 பேர் இறந்தார்கள். 90 மீற்றருக்கு மேல் உயரமான, அப்போதுதான் கட்டி முதன்முறையாக நிரப்பிய அணை அது. உங்கள் 12 அடிக் கட்டுக்கு அவ்வளவு நேரமும் கிடைக்கும் என்று நம்ப முடியாது.

அந்த நேரத்தில் களிமண்ணோ சீமெந்தோ கொண்டு வெளிவாயை அடைக்காதீர்கள். உள்ளே அழுத்தம் ஏறி, தண்ணீர் வேறு வழி தேடும். நீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் பிடித்துவைக்க வேண்டும். அதற்கு முதலில் மணல், அதன் மேல் சல்லி என்று அடுக்குவார்கள், தெரிந்தவர் நின்று செய்ய வேண்டிய வேலை. நீங்கள் செய்ய வேண்டியது கீழேயுள்ள வீட்டாரை எழுப்பி மேட்டுக்கு அனுப்புவதும், துருசை, அதாவது குளத்து நீரை வெளியே விடும் மதகை, திறப்பதும், 117க்கு அழைப்பதும். அது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம். அவசரம் இல்லாத நாட்களில் குளத்தை வற்ற வைப்பதென்றால் ஒரு நாளைக்கு ஓரடிக்கு மேல் இறக்காதீர்கள். தண்ணீர் சட்டென்று இறங்கினால், ஊறிப்போன உட்பக்கச் சரிவு பிடிமானம் இல்லாமல் சரியும்.

மரங்களை வருகிற சனிக்கிழமையே வெட்டிவிட வேண்டாம். பெரிய மரத்தை வெட்டி வேரை விட்டால், சில வருடங்களில் வேர் உக்கி, அதன் இடத்தில் தண்ணீருக்குப் பாதை திறக்கும். வெட்டாமல் விட்டால் ஒரு காற்றில் சாய்ந்து கட்டின் மண்ணையே பிடுங்கும். குளத்து மட்டத்தை இறக்கி, வேரோடு எடுத்து, குழியை அடுக்கடுக்காக மண் போட்டு இறுக்க வேண்டும். சின்னக் கன்றுகளை இப்போதே பிடுங்கலாம். கட்டின் மேல் புல் மட்டும் நிற்கட்டும், அதையும் குட்டையாக வெட்டிவைத்தால்தான் கறையான் புற்றும் முள்ளம்பன்றி வளையும் வெடிப்பும் தெரியும். கட்டுக்குக் குறுக்கே ஓடும் வெடிப்பு, நீளவாக்கில் ஓடுவதைவிட ஆபத்தானது. அது தண்ணீர் நேரே கடந்துபோக வழி. துருசுக் குழாய் பழைய இரும்பு என்றால் அதைச் சுற்றியும் கசிகிறதா என்று பாருங்கள்.

பிள்ளைகள் வள்ளம் ஓட்டலாம். உயிர்காப்பு அங்கி கட்டாயம், வானுக்கும் துருசுக்கும் கிட்டப் போகக்கூடாது, குளம் வான் பாயும் நாட்களில் வள்ளமே வேண்டாம்.

அந்த நான்கு வீட்டாரிடம் பேசிவிட்டீர்களா? நீங்கள் எழுதியதில் அது இல்லை. 1986 ஏப்ரல் 20 அன்று கந்தளாய்க் குளம் உடைந்தபோது விடியவில்லை, சனம் தூக்கத்தில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உங்கள் குளம் அதற்குப் பக்கத்தில் நிற்காது, ஆனாலும் 2 ஏக்கரில் சராசரி 2 மீற்றர் ஆழம் என்றால் 16,000 தொன் தண்ணீர். அந்த வீடுகளின் தொலைபேசி இலக்கங்கள் காவலாளியிடமும் உங்களிடமும் இருக்கட்டும். நள்ளிரவில் யார் யாரை எழுப்புவது, எந்த மேட்டுக்குப் போவது என்று சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் கொடுங்கள். கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். குளத்தில் பொழுதுபோக்குவது நீங்கள், ஆபத்தை ஏற்பது அவர்கள். அவர்களுக்குச் சொல்லாமல் அந்தத் தண்ணீரைத் தேக்கி வைத்திருப்பது நியாயமில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டடம் கட்டும் பொறியியலாளர் எல்லோருக்கும் மண் அணை பழக்கமிராது. மண், அத்திவார வேலையில் அல்லது நீர்ப்பாசனத்தில் அனுபவமுள்ள பட்டயப் பொறியியலாளரைத் தேடுங்கள். கொழும்பு 7இல் பௌத்தாலோக மாவத்தையில் நீர்ப்பாசனத் திணைக்களத் தலைமையகமும், விஜேராம மாவத்தையில் இலங்கைப் பொறியியலாளர் நிறுவனமும் இருக்கின்றன, இரண்டிலும் விசாரிக்கலாம். அவரைக் குளம் நிரம்பியிருக்கும் நாளில் கூட்டிப் போங்கள், வற்றிய குளத்தில் கசிவு தெரியாது. கொப்பியையும் போத்தலையும் காட்டுங்கள். மரம் எடுப்பது, குழாய் மாற்றுவது போன்ற வேலைகளை மழை குறையும் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளலாம். வானைத் துப்புரவாக்க அதுவரை காத்திருக்க வேண்டாம்.