தேதி உங்கள் கையில் இருக்கிறதா, தம்பி?

"அக்கா, வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்வர மிக மலிவாக ஒரு டிக்கெட் கிடைக்கிறது. தேதி மாற்ற முடியாது, ரத்து செய்தால் பணம் வராது, பெட்டி கிடையாது என்று போட்டிருக்கிறது. எடுத்துவிடலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வங்கிக் கணக்கு, வாடகை வீடு, குளிருக்கு என்ன உடுத்துவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றையெல்லாம் உங்கள் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரரே சொல்லிவிடுவார். டிக்கெட் விஷயத்தில் மட்டும் அவரிடம் போகாதீர்கள். தான் எவ்வளவு குறைவாக எடுத்தேன் என்பதைத்தான் அவர் சொல்வார்.

எடுக்காதீர்கள். இந்த முதல் வருடம் முடியும்வரை எடுக்கவே எடுக்காதீர்கள்.

அந்த டிக்கெட்டில் ஏமாற்று எதுவும் இல்லை. விலை குறைவு, பதிலுக்கு உங்கள் தேதியை அவர்களிடம் அடகு வைக்கிறீர்கள். தன் நாட்கள் தன் கையில் இருப்பவருக்கு அது நல்ல பேரம்தான். புதிதாக வந்தவரின் நாட்கள் யார் கையில் இருக்கின்றன? பாதி மேலாளர் கையில், மீதி குடிவரவு அலுவலகத்தின் கையில். விடுப்பு எழுத்தில் கிடைத்துவிட்டதா? வதிவிட அனுமதி எப்போது முடிகிறது? புதுப்பிக்கக் கொடுத்தால் கடவுச்சீட்டு எத்தனை வாரம் அவர்களிடம் இருக்கும்? இவற்றுக்கெல்லாம் பதில் தெரிந்திருந்தால் நீங்கள் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டீர்கள்.

எனக்கும் அப்போது தெரியாது. வந்த முதல் வருடம், ஐந்து மாதம் முன்கூட்டியே, இதே மாதிரி ஒரு டிக்கெட்டை எடுத்துவிட்டு ஊரெல்லாம் சொல்லிவைத்தேன். அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த கடவுச்சீட்டு, பயண நாள் வந்தபோதும் அந்த அலுவலகத்திலேயே இருந்தது. நான் பணமாகத் திருப்பிக் கேட்கவில்லை. நான்கு நாள் தள்ளித் தரச் சொன்னேன். "உங்கள் கட்டண வகையில் மாற்றம் அனுமதிக்கப்படவில்லை" என்று ஒரு வரியில் பதில் வந்தது. விமானம் புறப்படும் நேரத்தில் நான் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். கடவுச்சீட்டு மறுநாள் தபாலில் வந்தது. பயன்படுத்தாத டிக்கெட்டின் விமான நிலைய வரியைச் சில நிறுவனங்கள் கேட்டால் திருப்பித் தரும் என்பது கூட அப்போது எனக்குத் தெரியாது. அவர்களாக அதைச் சொல்லவும் மாட்டார்கள்.

அதைவிட மோசமானது நான் இங்கு வந்து சேர்ந்த கதை. ஏஜென்ட் ஒருவர் இரண்டு மலிவு டிக்கெட்டுகளைச் சேர்த்து ஒரு பயணமாக்கிக் கொடுத்தார். தாளில் பார்த்தால் அழகாக இருந்தது: இறங்க ஒரு நேரம், அடுத்ததில் ஏற மூன்று மணி நேரம் கழித்து இன்னொரு நேரம். அவை தனித்தனி டிக்கெட்டுகள் என்பதை அவர் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தெரியவில்லை. ஒரே டிக்கெட் என்றால் முதல் விமானம் தாமதமானாலும் கடைசி ஊர்வரை கொண்டு சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் நேரத்துக்கு வராத ஒரு ஆள், அவ்வளவுதான். பெட்டியும் தானாக மாறி ஏறாது. குடிவரவைக் கடந்து வெளியே போய், பெட்டியை எடுத்து, மறுபடி கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். வெளியே போக வேண்டுமென்றால் அந்த இடைவழி நாட்டுக்குள் நுழைய விசா வேண்டியிருக்கலாம். விமான நிலையத்துக்குள்ளேயே இருந்து மாறுவதற்கான டிரான்சிட் சலுகை அதற்கு உதவாது. புறப்படும் இடத்திலேயே ஊழியர்கள் டைமாட்டிக் என்ற தரவுத்தளத்தில் இதைப் பார்த்து, விசா இல்லையென்றால் ஏற்ற மறுத்துவிடுவார்கள்.

என்னிடம் விசா இருந்தது. நேரம்தான் இல்லை. முதல் விமானம் இரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதம். பெட்டியை இழுத்துக்கொண்டு ஓடிப் போனபோது கவுன்ட்டரில் விளக்கை அணைத்துவிட்டிருந்தார்கள். விமானம் இன்னும் தரையில்தான் நின்றது, கண்ணாடி வழியாகத் தெரிந்தது. ஆனால் புறப்பாட்டுக்கு 40 நிமிடமோ ஒரு மணி நேரமோ முன்பே செக்-இன்னை மூடிவிடுவார்கள். அதற்குப் பிறகு அழுதாலும் திறக்காது. அழுதும் பார்த்தேன். இரவு முழுக்கப் பெட்டியின் மேல் கால் போட்டுக்கொண்டு தூங்காமல் கிடந்துவிட்டு, காலையில் புது டிக்கெட் எடுத்தேன். அது முந்தைய இரண்டும் சேர்ந்த விலையைவிட அதிகம். முதல் மாதச் சம்பளம் வருவதற்கு முன்பே கடனாளி ஆனேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் விமானப் பயணிகளுக்கு இழப்பீடும் உதவியும் தரச் சொல்லும் 2004-ஆம் ஆண்டின் 261-ஆம் எண் விதி இருக்கிறதே என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும். நல்ல விதிதான். ரத்தானாலோ நெடுநேரம் தாமதமானாலோ எவ்வளவு மலிவாக எடுத்திருந்தாலும் அது உங்களுக்கும் பொருந்தும். ஆனால் அது தாமதமான அந்த ஒரு விமானத்தைத்தான் பார்க்கும். நீங்களாகக் கோத்துக்கொண்ட அடுத்த டிக்கெட் அதன் கணக்கில் வராது.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். "கைப்பை இலவசம்" என்று போட்டிருந்தால் முன் இருக்கைக்கு அடியில் நுழையும் பை என்று மட்டும் புரிந்துகொள்ளுங்கள். மேலே வைக்கும் சக்கரப் பெட்டி பல நிறுவனங்களில் தனிக் கட்டணம். சில நிறுவனங்கள் அளவு பார்க்கும், சில எடை பார்க்கும், 7 கிலோவுக்கு மேல் ஒரு கைக்குட்டை கூட ஆகாது என்பவையும் உண்டு. டிக்கெட் எடுக்கும்போதே பெட்டிக்குக் கட்டினால் ஒரு விலை, கவுன்ட்டரில் வேறு, ஏறும் வாசலில் பிடித்தால் இன்னொன்று. கடைசி விலைதான் பயங்கரம். போர்டிங் பாஸை வீட்டிலிருந்தே எடுத்து வராவிட்டால் அச்சிட்டுத் தரக் காசு கேட்கும் நிறுவனங்களும் இருக்கின்றன. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்கள், படிவம் குடும்பப் பெயரையும் கேட்கும்போது தோன்றியதை நிரப்பக் கூடாது. பெயரைத் திருத்தும் கட்டணம் சில நேரம் டிக்கெட் விலையையே தாண்டிவிடும்.

இதையெல்லாம் நம்மவர்கள் சொல்ல மாட்டார்கள். எந்த விருந்துக்குப் போனாலும் "நான் இவ்வளவுக்குத்தான் எடுத்தேன்" என்று தொடங்குவார் ஒருவர். பெட்டிக்கு எவ்வளவு கட்டினார், நள்ளிரவில் ஊருக்கு வெளியே எங்கோ உள்ள விமான நிலையத்தில் இறங்கி டாக்சிக்கு எவ்வளவு கொடுத்தார் என்பதெல்லாம் வாயில் வராது. அவரே இன்னொருவர் பயணம் போகும்போது "இரண்டு கிலோதான், கொஞ்சம் கொண்டுபோங்கள்" என்று பொட்டலத்தோடு வாசலில் நிற்பார். பெட்டியே இல்லாத டிக்கெட்டில் எங்கே வைப்பது? நான் இப்போதெல்லாம் பயணத் தேதியை யாரிடமும் சொல்வதில்லை.

இவ்வளவு சொல்கிறவள் மலிவு டிக்கெட்டில் போவதே இல்லையா என்றால், வருடத்துக்கு இரண்டு முறையாவது போகிறேன். பக்கத்தில் எங்காவது, இரண்டு மூன்று நாள், விடுப்பு எழுத்தில் வந்த பிறகு, முதுகில் ஒரே பையோடு. ஊர்ப் பயணத்துக்கு மட்டும் கட்டணம் கட்டியாவது தேதி மாற்றக்கூடிய டிக்கெட்; முழுப் பயணமும் ஒரே டிக்கெட்டில்; விமான நிறுவனத்திடமே நேரடியாக. அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து புறப்படும் விமானங்களில், ஏழு நாளோ அதற்கு மேலோ முன்கூட்டி நிறுவனத்திடமே எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்ய விட வேண்டும், அல்லது அதே விலையைப் பணம் வாங்காமல் ஒரு நாள் பிடித்து வைக்க வேண்டும். மற்ற இடங்களில் அந்த நிறுவனத்தின் விதியைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் கட்டண விதிகளை, பொடி எழுத்து உட்பட, முழுக்கப் படித்த பிறகுதான் பணம் கட்டுவேன். வீட்டில் சிரிக்கிறார்கள்.

பெட்டி தாமதமாக வந்தால், சர்வதேச விமானப் பயணத்துக்கான 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் ஒப்பந்தப்படி அது கைக்கு வந்த 21 நாளுக்குள் நிறுவனத்திடம் புகார் எழுதிக் கொடுங்கள். உடைந்து வந்தால் 7 நாள்தான். மலிவு டிக்கெட் என்று சொல்லி அதை யாரும் மறுக்க முடியாது.

பை வாங்குவதற்கு முன் ஒரு அளவு நாடா வாங்குங்கள். சக்கரம், கைப்பிடி எல்லாம் சேர்த்து அளக்க வேண்டும். என்னிடம் ஒரு நீலத் துணிப்பை இருக்கிறது, நானே ஓரத்தை மடித்துத் தைத்துக் குறுக்கியது; விமான நிலையத்தில் பையை அளக்க வைத்திருக்கும் அளவுக் கூண்டில் வைத்தால் அப்படியே இறங்கிவிடும். புதிதாக வருபவர்கள் கேட்டால் இரவல் கொடுப்பேன். உங்களுக்கும் கொடுத்திருப்பேன். போன மாதம் வாங்கிப் போனவர் ஊரிலிருந்து திரும்பி வந்து இரண்டு வாரமாகிறது, பையைப் பற்றி மூச்சே காட்டவில்லை.