வேதாகமத்தில் பெருவெள்ளத்துக்கு முன் பேழை என்ற பெரிய கப்பலைக் கட்டிய நோவாவின் கதையை நகைச்சுவைப் படமாக எடுத்தால் எதையெல்லாம் மாற்ற வேண்டியிருக்கும்? ‘ஈவன் ஆல்மைட்டி’ அதைச் சரியாகச் செய்திருக்கிறதா?

இந்தப் படத்தை மூன்று தடவை பார்த்திருக்கிறேன். மூன்றாவது தடவை பார்த்தது வேலை நிமித்தம். சர்ச்சில் சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு நோவா நாடகம் ஒன்று எழுதித் தரச் சொன்னார்கள். இதிலிருந்து நாலு ஜோக்கைச் சுடலாம் என்றுதான் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தேன். சுடுகிற மாதிரி ஜோக் ஒன்றிரண்டுதான் தேறியது. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது.

படத்தில் இருக்கும் தாடியும் பேழையும் நோவாவுடையவை. அங்கியைப் போட்டுக்கொண்டு உள்ளே நிற்கிற ஆள் யோனா.

பார்க்காதவர்களுக்குக் கதை: 2003இல் ஜிம் கேரி நடித்து வந்த ‘புரூஸ் ஆல்மைட்டி’யில் செய்தி வாசிப்பாளராக வந்து அவதிப்படுவாரே ஸ்டீவ் கரெல், அந்த ஈவன் பாக்ஸ்டர்தான் 2007இல் வந்த இந்தப் படத்தின் கதாநாயகன். இரண்டுக்கும் இயக்குநர் டாம் ஷேடியாக். ‘உலகை மாற்றுவேன்’ என்று சொல்லி அமெரிக்க காங்கிரசுக்குத் தேர்வாகி, வர்ஜீனியாவில் ஒரு புது வீட்டில் குடும்பத்தோடு குடியேறுகிறார். முதல் இரவில் ஒரு ஜெபம்: உலகை மாற்ற உதவி செய்யும். மறுநாள் ஏழு மணிக்கு வைத்த அலாரம் 6:14க்கு அடிக்கிறது. அடுத்த நாளும் 6:14. போகிற இடமெல்லாம் 614. வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 6:14இல் என்ன இருக்கிறது என்று சண்டே ஸ்கூல் போனவர்களுக்குத் தெரியும்: கொப்பேர் மரத்தால் ஒரு பேழையை உண்டாக்கு.

இனி எங்கள் நாடகம். நோவா வேஷம் கொடுத்த பையன் இரண்டாம் நாள் ஒத்திகையில் வந்து கேட்டான்: “அண்ணே, நோவா எப்பண்ணே பேசுவாரு?” நான் அவனுக்கு எழுதியிருந்ததெல்லாம் சொந்தச் சரக்கு. வேதத்தில் உள்ள வசனத்தையும் ஒன்று சேர்த்துவிடலாம் என்று ஆறாம் அதிகாரத்திலிருந்து தேடினேன். ஆறில் தேவன் பேசுகிறார், நோவா செய்கிறார். ஏழிலும் அப்படியே. எட்டில் வெள்ளம் வற்றுகிறது, பலிபீடம் கட்டுகிறார், அங்கேயும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பதாம் அதிகாரம் 25ஆம் வசனத்தில்தான் அவர் முதன்முதலாகப் பேசுவதாக எழுதியிருக்கிறது. திராட்சரசம் குடித்து, வெறி தெளிந்து எழுந்ததும் சொல்கிற வார்த்தை: “கானான் சபிக்கப்பட்டவன்.” இதை எட்டு வயசுப் பையன் வாயில் எப்படிக் கொடுப்பது?

நகைச்சுவை எழுதுகிறவனுக்கு இதுதான் முதல் தலைவலி. கதாநாயகன் பேசமாட்டார். மறுக்கமாட்டார். ‘என்னால் முடியாது ஆண்டவரே’ என்று ஒரு வார்த்தை கிடையாது. சொன்னபடி எல்லாம் செய்து முடித்தார் என்று ஒரே வரியில் வேலை முடிந்துவிடுகிறது. போதாததற்கு அவர் நீதிமான், தன் காலத்தவருக்குள்ளே உத்தமன். உத்தமன் வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுந்தால் பாவமாக இருக்குமே ஒழிய சிரிப்பு வராது. சிரிப்பு வர வேண்டுமானால் விழுகிற ஆளுக்குக் கொஞ்சம் மிதப்பு வேண்டும்.

அதனால் ஈவன் கண்ணாடி முன் நின்று மூக்கு முடியைக் கத்தரிக்கிற ஆளாக வருகிறார். வாரின தலை கலையக் கூடாது, கோட்டில் சுருக்கம் விழக் கூடாது. அந்த ஆளுக்குத்தான் ஒரு நாள் காலையில் தாடி முளைக்கிறது. மழித்துவிட்டுத் திரும்பினால் மறுபடி இருக்கிறது. அப்புறம் தலைமுடி நீள்கிறது, நரைக்கிறது. கோட்டுப் போட்டால் தங்கவில்லை, சணல் மாதிரி ஓர் அங்கிதான் தங்குகிறது. எதன்மேல் கர்வமோ அதையே ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறார்கள். ஆண்டவராக வரும் மார்கன் ஃப்ரீமேன், காரின் பின் சீட்டில் திடீரென்று உட்கார்ந்திருந்து புன்சிரிக்கிறார். ஈவன் அலறுகிறார், ஓடுகிறார், சாக்குச் சொல்கிறார்.

அழைப்பு வந்ததும் எதிர்த் திசையில் ஓடுகிறவர் வேதாகமத்தில் யார்? யோனா. நினிவேக்குப் போ என்றால் யோப்பாவில் கப்பலேறித் தர்ஷீசுக்குப் போகப் பார்த்த ஆள். நாலே அதிகாரம் உள்ள அந்தப் புத்தகத்தை ஒரு தடவை சிரிக்கிற மனதோடு படித்துப் பாருங்கள். மீன் விழுங்கிக் கக்குகிறது. இன்னும் நாற்பது நாளில் நினிவே கவிழும் என்று ஒற்றை வரியில் பிரசங்கத்தை முடிக்கிறார், நகரமே மனந்திரும்புகிறது, மாடுகளுக்குக்கூட இரட்டு, அதாவது துக்கத்துக்குப் போடும் சாக்குத் துணி, உடுத்துகிறார்கள். கடைசியில் ஊர் அழியவில்லையே என்று இவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆமணக்குச் செடி நிழலில் உட்கார்கிறார். முக்கியமான விஷயம், அதில் யாரும் சாவதில்லை. இதை நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

படத்தின் நடுப்பகுதிதான் எனக்குப் பிடித்தது. ஒரே ஜோக்கைப் பெரிதாக்கிக்கொண்டே போவது ஒரு பழைய வித்தை, இங்கே அது நன்றாக அமைந்திருக்கிறது. ஒரு காட்சியைச் சொல்கிறேன். ஈவன் மூத்த காங்கிரஸ் உறுப்பினர் லாங்கின் அறையில் பவ்யமாக உட்கார்ந்திருக்கிறார். பின்னால் மீன்தொட்டி. மீன்கள் எல்லாம் கண்ணாடியோரம் திரண்டு அவரையே பார்க்கின்றன. அவர் நகர்ந்தால் அவையும் நகர்கின்றன. அவர் அதை மறைக்கப் பார்த்துக்கொண்டே, லாங் சொல்வதற்குத் தலையாட்டுகிறார். வசனமே தேவையில்லை. அடுத்து பறவைகள், அப்புறம் ஜோடி ஜோடியாக எல்லாமே. வெள்ளத்தில் மீனுக்கு என்ன பயம், அது ஏன் இவர் பின்னால் வருகிறது என்று யோசிக்கக் கூடாது. நான் யோசித்தேன், மூன்றாம் தடவைதான்.

‘ஜோடி’ என்பதிலும் ஒரு சின்னக் கை வைத்தல் இருக்கிறது. ஆறாம் அதிகாரத்தில் ஜோடு என்று இருந்தாலும், ஏழாம் அதிகாரம் சுத்தமான மிருகங்களில் எவ்வேழு ஜோடு என்கிறது. எந்தப் படமும், எந்தச் சிறுவர் புத்தகமும் அந்த ஏழு என்ற கணக்கைக் கண்டுகொள்வதில்லை. ஏணியில் இரண்டிரண்டாக ஏறுவதுதான் பார்க்க அழகு. நாங்களும் அப்படித்தான் ஏற்றினோம், இரண்டு முயல், இரண்டு யானை.

தமிழில் செத்துப்போகிற ஜோக் ஒன்றும் உண்டு. மரம் வந்து இறங்குகிறதே, அதை அனுப்பிய கம்பெனியின் பெயர் ‘கோ ஃபார் வுட்’. ஆங்கில பைபிளில் அந்த மரம் ‘கோஃபர் வுட்’. அங்கே தியேட்டரில் சிரித்திருப்பார்கள். கொப்பேர் மரத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்ய முடியும்? கருவிகள் வரும் பெட்டியில் ‘ஆல்பா அண்ட் ஒமேகா’ ஹார்டுவேர் என்று இருக்கும், அது மட்டும் நமக்கும் பலிக்கும்.

இனி மனைவி. ஆதியாகமத்தில் நோவாவின் மனைவிக்குப் பெயரே கிடையாது. ஆனால் இந்த வெற்றிடத்தை நிரப்பியது ஹாலிவுட் இல்லை. இங்கிலாந்தில் இடைக்காலத்தில் ஒவ்வொரு கைத்தொழில்காரர்களின் சங்கமும் வீதியில் வண்டி மேல் வேத நாடகம் போடும். யார்க் நகரத்தில் பேழை கட்டும் பகுதியைப் போட்டது கப்பல் தச்சர்கள். செஸ்டரில் ஜலப்பிரளயத்தை நடத்தியது டீ ஆற்றில் தண்ணீர் இறைத்து விற்றவர்கள் (இந்த வேலைப் பங்கீட்டுக்காகவே அவர்களைக் கும்பிடலாம்). அந்த செஸ்டர் நாடகத்தில் நோவாவின் மனைவி ஏற மாட்டேன் என்று அடம் பிடிப்பாள். என் சிநேகிதிகளை விட்டுவிட்டு வர முடியாது என்பாள், அவர்களோடு உட்கார்ந்து குடிப்பாள், கடைசியில் பிள்ளைகள் இழுத்துப்போட்டதும் புருஷனை ஓர் அறை விடுவாள். ஜனங்கள் இதைப் பார்க்கத்தான் காத்திருந்திருப்பார்கள்.

ஈவனின் மனைவி ஜோன், அந்தப் பரம்பரையில் கொஞ்சம் சாது. அடிக்கவில்லை, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறாள். வழியில் ஓர் உணவகத்தில் பரிமாறுகிறவராக மார்கன் ஃப்ரீமேன் வந்து உட்காருவார், பெயர்ப் பட்டையில் ‘ஆல் மைட்டி’. ஒருவர் பொறுமை வேண்டும் என்று ஜெபித்தால் கடவுள் பொறுமையைத் தருவாரா, பொறுமையாக இருக்க ஒரு வாய்ப்பைத் தருவாரா என்று கேட்பார். ஜோனும் முதல் இரவில் ஒரு ஜெபம் செய்திருக்கிறாள்: குடும்பம் நெருக்கமாக வேண்டும். கேட்டது கேட்டபடியே கிடைக்கும், ஆனால் நினைத்த மாதிரி கிடைக்காது. வரம் கேட்டு மாட்டிக்கொள்ளும் கதைகளில் உள்ள கணக்குதான். ஆனால் இங்கே அது சரியான இடத்தில் வந்து விழுகிறது. படத்தின் சிறந்த காட்சி எனக்கு அதுதான், அதில் சிரிப்பே இல்லை.

ஊரார் கேலி செய்வதும் ஆதியாகமத்தில் இல்லை என்றால் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பாமல் திரும்பத் திரும்பத் தேடினேன். குர்ஆனில் இருக்கிறது: ஹூத் அத்தியாயம் 38ஆம் வசனத்தில், அவர் கப்பல் கட்டும்போது கடந்து போன தலைவர்கள் பரிகாசம் செய்தார்கள் என்று. நம் மனதில் உள்ள நோவா கதை பல பேர் சேர்ந்து கட்டிய பேழை. படத்தில் கேலிக்கு டிவி கேமராக்கள் வந்துவிடுகின்றன, அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, வெள்ளத்துக்கு வருவோம். இன்றைய காலத்தில் வைத்து நோவா கதை சொல்கிற எவருக்கும் இங்கே ஒரு முட்டு இருக்கிறது. இனி ஜலப்பிரளயத்தால் பூமியை அழிப்பதில்லை என்று உடன்படிக்கை செய்து, மேகத்தில் வில்லையும் வைத்தாயிற்று. இன்னொரு வெள்ளத்தைக் கடவுள் அனுப்பினால் அவர் சொன்ன சொல் தவறியவர் ஆகிவிடுவார். பதினான்காம் நூற்றாண்டிலேயே ஆங்கிலக் கவிஞர் சாசர் இதை வேறு வழியில் சமாளித்திருக்கிறார். அவருடைய பாத்திரமான மில்லர் (மாவு மில்காரன்) சொல்லும் கதையில், இரண்டாம் பிரளயம் வருகிறது என்று ஒரு தச்சனை நம்ப வைத்து, அவனைத் தொட்டியில் ஏற்றிக் கூரையில் தொங்கவிட்டுவிட்டு அவன் மனைவியோடு மாணவன் ஒருவன் ஓடிப்போய்ப் படுக்கிறான். வெள்ளம் வரவில்லை, தச்சன் கீழே விழுந்து கையை உடைத்துக்கொள்கிறான். வராத வெள்ளத்தை வைத்தே முழு நகைச்சுவை. சர்ச் நாடகத்துக்கு ஆகாது.

படம் எடுத்த வழி: வெள்ளம் வரும் என்று ஆண்டவர் ஈவனிடம் சொன்ன செப்டம்பர் 22 மதியம். எல்லாரும் வேடிக்கை பார்க்க நிற்கிறார்கள். மழை பெய்கிறது, சற்று நேரத்தில் நின்றும்விடுகிறது. கூட்டம் சிரிக்கிறது. அப்போதுதான் ஈவனுக்கு உறைக்கிறது, வீட்டுமனைக்காக லாங் அரைகுறையாகக் கட்ட வைத்த அணை இருக்கிறதே என்று. அணை உடைகிறது. கேலி செய்தவர்கள் எல்லாம் பேழைக்குள் ஓடி ஏறுகிறார்கள், பேழை தெருவெல்லாம் மிதந்து வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டடத்து வாசலில் போய் நிற்கிறது. கடவுள் வெள்ளம் அனுப்பவில்லை, அனுப்பியது ஓர் ஊழல் பேர்வழி. கடவுள் எச்சரிக்கை மட்டும் செய்தார். வாக்கும் காப்பாற்றப்பட்டது, ஒரு உயிரும் போகவில்லை. சாமர்த்தியம்தான்.

ஆனால் எனக்கு அங்கேதான் படம் கை நழுவுகிறது. யோனாவின் புத்தகத்தில் யாரும் சாகாததற்கு ஒரு விலை உண்டு: ஊர் மனந்திரும்புகிறது, தீர்க்கதரிசி அவமானப்படுகிறார். இங்கே ஊர் மனந்திரும்பவில்லை, காலில் தண்ணீர் பட்டதும் ஓடி ஏறிக்கொள்கிறது. ஈவன் சரி என்று நிரூபணம் ஆகிவிடுகிறது. அதுவரை சிரிப்புப் பொருளாக இருந்தவர் ஒரு நொடியில் நாயகனாகி, படம் கிராபிக்ஸ் காட்சியாகிவிடுகிறது. சுமார் 17.5 கோடி டாலர் செலவு என்றார்கள், அந்தக் காலத்தில் அது நகைச்சுவைப் படத்துக்குக் கேட்டிராத தொகை. அது தெரிய வேண்டாமா என்று வெள்ளத்தை ஓட்டியிருக்கிறார்கள். கடைசியில் ஆண்டவர் மண்ணில் குச்சியால் ‘ஆர்க்’ என்று எழுதி, அது எதிர்பாராமல் செய்யும் ஓர் அன்பான செயலின் ஆங்கிலச் சுருக்கம் என்று விளக்குகிறார். அந்த உணவகக் காட்சியை எழுதிய அதே கையா இது என்று இருந்தது.

மூலக்கதையில் நகைச்சுவையால் தொடவே முடியாத வரி ஒன்று உண்டு. 7:16. கர்த்தர் அவனை உள்ளே விட்டுக் கதவை அடைத்தார். நோவா அடைக்கவில்லை. வெளியே நின்றவர்களைப் பற்றி அந்த இடத்தில் ஒரு வார்த்தை கிடையாது. சிரிக்க வைக்கிற கதையில் அந்தக் கதவைத் திறந்தே வைத்தாக வேண்டும். படம் திறந்து வைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் நாங்களும் அதையேதான் செய்தோம். வேண்டுமென்று செய்யவில்லை.

நாடகத்தன்று கேலி செய்கிற ஊராராகப் பதினைந்து பிள்ளைகள். வசனத்தைச் சொல்லிவிட்டு, நீல சேலையை ஆட்டினதும் கீழே படுத்துவிட வேண்டும் என்று சொல்லிவைத்திருந்தேன். சேலை ஆடியது. முதல் வரிசையில் நின்ற ஒரு பாப்பா படுக்காமல் பேழையைப் பார்த்து ஓடினாள். பின்னாலேயே மற்றதுகளும். தெர்மாகோல் பேழை ஒரு பக்கம் பிளந்து, யானையின் தும்பிக்கை ஒரு ஊர்க்காரன் கையோடு வந்துவிட்டது. சர்ச் முழுக்கச் சிரிப்பு. நோவா மட்டும் நடுவில் நின்று, நான் எழுதிக் கொடுக்காத வசனம் ஒன்றைப் பேசினான்: “ஏ, தள்ளாதீங்கல, எல்லாருக்கும் எடம் இருக்கு!”

முடிந்ததும் எங்கள் சர்ச்சின் போதகர் ஐயர் என்னைக் கூப்பிட்டார். “நாடகம் நல்லாருந்துச்சு தம்பி. ஆனா பேழையில தப்பிச்சது எட்டுப் பேருன்னுல்ல பேதுரு எழுதியிருக்காரு?”

“ஆமா ஐயரே.”

“நான் இருபத்திமூணு எண்ணினேன்.”