ப்யூர் டேட்டாவில் சீரான தாளம் தட்டுவது எப்படி?

பெட்டிகளை இணைத்து ஒலி உருவாக்கும் மென்பொருள் ப்யூர் டேட்டா. அதில் கேள்வி இதுதான்: சீரான இடைவெளியில் தட்டும் மெட்ரோ பெட்டியை வைத்தேன், தட்டுகிறது, ஆனால் நிமிடத்துக்கு 120 தட்டு எப்படிச் சொல்வது? வேகமாக ஓடவிட்டால் ஏன் லேசாகத் தடுமாறுகிறது?

மெட்ரோவுக்கு வேகம் தெரியாது, இடைவெளிதான் தெரியும், அதுவும் மில்லிவினாடியில். 60000-ஐ 120-ஆல் வகுத்தால் 500. ஆக, மெட்ரோ 500 என்று எழுதி, அதன் இடப்பக்க வாயில் (உள்ளீட்டில்) ஒரு டாகிளை, அதாவது ஆன்-ஆஃப் பெட்டியை, மாட்டினால் போதும். வேகத்தை ஓடும்போதே மாற்ற வேண்டுமா? எண் பெட்டியிலிருந்து ஸ்வாப் 60000 (இரண்டு எண்களை இடம் மாற்றும் பெட்டி; 60000 முன்னால் வந்துவிடும்), அதிலிருந்து வகுத்தல், அப்புறம் மெட்ரோவின் வலப்பக்க வாய். எண் பெட்டியில் பூச்சியம் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தடுமாற்றத்துக்கு வருவோம். நானும் முதலில் மெட்ரோவைத்தான் திட்டினேன், பாவம் அது. அதன் கடிகாரம் நகர்ந்துபோவதில்லை. எவ்வளவு நேரம் ஓடினாலும் கணக்கு சரியாகவே இருக்கும். சிக்கல் ஒலிப் பக்கம். ப்யூர் டேட்டா ஒலியை 64 சாம்பிள் (ஒலியின் ஒற்றை அளவீடு) கொண்ட துண்டுகளாகக் கணக்கிடுகிறது. 44100 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 44100 சாம்பிளில், ஒரு துண்டு சுமார் 1.45 மில்லிவினாடி. லைன் டில்டே (line~) பெட்டியில் ஒலியுறை, அதாவது ஒலியளவு ஏறி இறங்கும் வடிவம், போட்டால், தட்டு துண்டின் நடுவே விழுந்தாலும் ஒலி துண்டின் எல்லையில்தான் தொடங்கும். நிதானமான தாளத்தில் காதுக்குத் தெரியாது. 20 மில்லிவினாடி இடைவெளியில் உருட்டல் அடித்துப் பாருங்கள், கரகரப்பு கேட்கும். லைனை எடுத்துவிட்டு வீலைன் டில்டே (vline~) போடுங்கள். அது துண்டின் நடுவிலேயே, உரிய சாம்பிளில் தொடங்கும்.