வயலுக்கு நடுவே கல்வட்டம்: சமன் செய்யலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரி பக்கம் எங்களுக்கு மானாவாரி நிலம் இருக்கிறது. நடுவில் பெரிய உருண்டைக் கற்கள் வட்டமாக நிற்கின்றன. உள்ளே கல்லும் மண்ணுமாக ஒரு மேடு. ஊரில் பாண்டவர் குழி என்பார்கள். ஜேசிபி விட்டுச் சமன் செய்யலாமா? வெளியே சொன்னால் நிலம் கைவிட்டுப் போய்விடுமா?

பதில்: தயவுசெய்து ஜேசிபியை உள்ளே விடாதீர்கள். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் இரும்புக்கால ஈமச்சின்னத்துக்கு, அதாவது இறந்தவர்களுக்காக எழுப்பிய நினைவிடத்துக்கு, உரியவை. மேட்டுக்கு அடியில் பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய அறை இருக்கலாம். அதன் ஒரு பலகையில், பெரும்பாலும் கிழக்குப் பக்கம், வட்டமாக ஒரு துளை குடைந்திருப்பார்கள். இடுதுளை என்போம். உள்ளே எலும்புத் துண்டுகள், கறுப்பு சிவப்புப் பானைகள், துருவேறிய இரும்புக் கத்தி, சில இடங்களில் சூதுபவளம் என்ற செந்நிறக் கல்லில் செய்த மணிகள். புதையல் இருக்கிறது என்று யாராவது ஆசை காட்டினால் நம்பவே நம்பாதீர்கள்.

எந்தப் பொருள் எந்தப் பானையில், எந்த ஆழத்தில் கிடந்தது என்பதில்தான் வரலாறே இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு முதுமக்கள் தாழிக்குள் கிடைத்த நெல்லின் காலம் கிமு 1155 என்று ஆய்வில் தெரிந்தது. அந்தத் தாழியில் ஒரு கலப்பை ஏறியிருந்தால் நெல் மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும்.

சரி, நிலம்? கல்வட்டம் இருப்பதாலேயே பட்டா மாறாது. மத்திய அரசு பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தால் கட்டடம் கட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு வரும், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் அப்போதும் ஓர் அடிக்கு மேல் தோண்டாத சாகுபடிக்கு 1958-ஆம் ஆண்டுத் தொல்லியல் நினைவுச்சின்னச் சட்டமே இடம் தருகிறது.

ஆகவே உழவை நிறுத்த வேண்டாம். வட்டக் கற்களிலிருந்து நாலைந்து அடியாவது தள்ளி உழுங்கள். அந்தப் பக்கம் ஆழமாக உழும் உளிக்கலப்பை வேண்டாம், பண்ணைக்குட்டையும் வேண்டாம். மேட்டில் சீமைக்கருவேலம் முளைத்திருந்தால் வேரோடு பிடுங்காமல் தரைமட்டத்தில் வெட்டுங்கள். பிடுங்கினால் அடியிலுள்ள பலகைக் கல் சாய்ந்துவிடும். வயலில் பொறுக்கும் கற்களை மேட்டில் கொட்டும் பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, அதை உடனே விடுங்கள். அப்புறம் எது அந்தக் காலத்துக் கல், எது போன வருஷத்துக் கல் என்று பிரிக்கவே முடியாது.

பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்து, சர்வே எண்ணோடு தொல்லியல் துறைக்கோ கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கோ எழுதுங்கள். உழும்போது ஏதாவது மேலே வந்தால் வேலையை அங்கேயே நிறுத்துங்கள். மண்ணில் புதைந்து கிடைக்கும் பொருள் 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். கிடைத்தது பானையாக இருந்தால் கழுவ வேண்டாம், உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டவும் வேண்டாம்.