நாய்க் காப்பகம் கடனில் தள்ளாடும்போது முதலில் எதை நிறுத்துவது?

கேள்வி: தக்கலைப் பக்கம் பழைய ரப்பர் ஷீட் கொட்டகை ஒன்றை வாடகைக்கு எடுத்து, கைவிடப்பட்ட சிப்பிப்பாறை, கன்னி நாய்களுக்காகச் சிறிய டிரஸ்ட் நடத்துகிறேன். வெளிநாடுகளில் பந்தயத்திலிருந்து ஓய்வுபெற்ற கிரேஹவுண்டுகளைக் காப்பாற்றும் அமைப்புகளைப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். இப்போது 31 நாய்கள். மாதச் செலவு 1,40,000 ரூபாய். அதில் வாடகை 15,000, இரண்டு பணியாளர் சம்பளம் 36,000, மீதி தீனியும் மருந்தும். பெரிய தொகை தந்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார், வரவு 60,000 ஆகிவிட்டது. மருத்துவருக்கு 85,000 பாக்கி. நகையை அடகு வைத்துச் சமாளித்தேன். ஆனாலும் தினமும் 'இங்கே ஒரு நாய் கிடக்கு, வந்து எடுங்க' என்று போன் வருகிறது. துபாயில் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களும், லண்டனில் குடியுரிமை வாங்கிய உறவினர் ஒருவரும் உதவத் தயாராக இருக்கிறார்கள். நான் எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பதில்: அந்தப் போனிலிருந்து தொடங்குங்கள். இன்று முதல் மூன்று மாதத்துக்குப் புதிய நாய் எதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்து, அதை வாட்ஸ்அப் குழுக்களிலும் காப்பக வாசலிலும் எழுதிப் போடுங்கள். இதைச் சொன்னால் உங்களுக்கு வலிக்கும் என்று தெரியும். தெருவில் கிடக்கும் ஒரு நாயைப் பார்த்து 'முடியாது' என்று சொல்லவா டிரஸ்ட் ஆரம்பித்தோம் என்று தோன்றும். ஆனால் உங்களை மட்டுமே நம்பி ஏற்கெனவே 31 உயிர்கள் இருக்கின்றன. நெருக்கமான கொட்டகைக்குள் தடுப்பூசி விவரம் தெரியாத ஒரு நாயைக் கொண்டுவந்தால், கூடவே பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற உயிரைப் பறிக்கும் தொற்றுநோய்கள் வரலாம். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தனிமைப்படுத்தி வைக்க இரண்டு வாரத்துக்குத் தனி அறையும் தனி ஆளும் இல்லாத இடத்தில் 32-வது நாயை எடுப்பது மற்ற 31 நாய்களையும் ஆபத்தில் தள்ளுவதாகும்.

கூப்பிடுகிறவரை வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம். 'இரண்டு வாரம் உங்கள் வீட்டுத் திண்ணையில் கட்டிப்போட்டுக் கவனியுங்கள், தடுப்பூசிக்கும் தீனிக்கும் வழி சொல்கிறோம், படம் அனுப்புங்கள், வீடு தேடித் தருகிறோம்' என்று சொல்லுங்கள். எல்லோரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒப்புக்கொள்கிற ஒவ்வொருவரும் உங்கள் கொட்டகைக்கு வெளியே ஓர் இடத்தை உண்டாக்கித் தருகிறார்.

அடுத்தது கணக்கு. நீங்கள் கொடுத்த எண்களை வைத்தே பார்ப்போம். வாடகையும் சம்பளமும் 51,000. நாய் ஒன்று இருந்தாலும் 31 இருந்தாலும் இது மாறாது. மீதி 89,000-ஐ 31-ஆல் வகுத்தால் ஒரு நாய்க்கு மாதம் சுமார் 2,900. இப்போதைய வரவு 60,000-ல் 51,000 போனால் மிஞ்சும் 9,000-ல் மூன்று நாய்களைத்தான் பார்க்க முடியும். நாய்களின் எண்ணிக்கையை மட்டும் குறைத்து இந்தக் காப்பகத்தைக் காப்பாற்ற முடியாது என்று இந்தக் கணக்கு சொல்கிறது. தீனியில் கை வைத்தும் முடியாது. கொட்டகையும் அதை நடத்தும் முறையும் சேர்ந்தேதான் மாற வேண்டும்.

என் யோசனை இது. கொட்டகையில் 15 நாய்கள், ஒரு பணியாளர். அப்போது நிலையான செலவு 33,000, நாய்களுக்கு 43,500, ஆக 76,500. இன்றைய வரவுக்கும் இதற்கும் இடைவெளி 16,500. மாதம் 500 ரூபாய் தரும் 33 பேர் இருந்தால் அது நிரம்பும். 'காப்பகம் மூழ்குகிறது, காப்பாற்றுங்கள்' என்று கேட்பதைவிட '33 பேர் வேண்டும், இன்றைக்கு 11 பேர் சேர்ந்திருக்கிறார்கள்' என்று கேட்பது எவ்வளவு வேறானது பாருங்கள். முதலாவதைக் கேட்டவர் பயந்து ஒரு முறை கொடுத்து விலகிவிடுவார். இரண்டாவதைக் கேட்டவருக்குத் தன் 500 எங்கே போய் உட்காருகிறது என்று தெரியும். ஒரே பெரிய கொடையாளரை நம்பியிருந்ததுதான் இந்தத் தடவை உங்களைக் கீழே தள்ளியது, அது மறுபடி நடக்கக் கூடாது. வேலையை விடும் பணியாளருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். சம்பளப் பாக்கி வைத்து அனுப்பாதீர்கள்.

மீதி 16 நாய்கள் எங்கே போகும்? இதில்தான் உங்கள் முழு உழைப்பும் இருக்க வேண்டும். சிலவற்றுக்கு நிரந்தர வீடு, சிலவற்றுக்குத் தற்காலிக வீடு. வயதானவை, நோயாளிகள், மனிதரைக் கண்டால் நடுங்குபவை உங்களிடமே இருக்கட்டும். இளையவற்றையும் பழகக்கூடியவற்றையும் வெளியே அனுப்புங்கள். தற்காலிக வீடுகளுக்கு மருந்துச் செலவை நீங்கள் ஏற்றாலும், தீனியையும் இடத்தையும் அவர்கள் ஏற்றுக்கொண்டால் பெரிய பாரம் குறையும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிள்ளைகள் வளைகுடாவில் இருக்க, சுற்றுச்சுவர் உள்ள பெரிய வீட்டில் பெற்றோர் மட்டும் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். பங்குக் கோயில் அறிவிப்பிலும் ஊர்க் குழுக்களிலும் சொல்லுங்கள். ஃபேஸ்புக்கில் எங்கோ இருக்கிற ஆயிரம் பேர் 'பாவம்' என்று எழுதுவதைவிட, குளச்சலிலோ மார்த்தாண்டத்திலோ இருக்கிற ஒருவர் வந்து பார்ப்பது மேல்.

வீடு கொடுக்கும்போது மூன்று விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒன்று, வேட்டை. கன்னியும் சிப்பிப்பாறையும் முயலுக்குப் பின்னால் ஓட வளர்க்கப்பட்ட இனங்கள். 'தோட்டத்துக்குக் காவல்' என்று கேட்டு வாங்கி, ராத்திரியில் முயல் பிடிக்கக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. முயல் வேட்டை 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஒப்பந்தத் தாளில் அதை எழுதி, கையெழுத்து வாங்கி, இடத்தை நேரில் போய்ப் பார்த்த பிறகே நாயைக் கொடுங்கள். இரண்டு, கருத்தடை செய்யாமல் எந்த நாயும் வெளியே போகக் கூடாது. செய்யாவிட்டால் குட்டி விற்பவர் கையில் சிக்கும், அடுத்த வருடம் அந்தக் குட்டிகளே உங்கள் வாசலுக்கு வரும். மூன்று, கழுத்துப்பட்டி. இந்த நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே சுற்றளவு. சாதாரணப் பட்டியிலிருந்து பின்வாங்கி நொடியில் உருவிக்கொண்டு ஓடிவிடும். அகலமான, இழுத்தால் சற்றே இறுகும் பட்டி கொடுத்தனுப்புங்கள். கோழி, பூனை வளர்க்கும் வீடு என்றால் முதல் மாதம் தனியாகக் கட்டிவைக்கச் சொல்லுங்கள்.

கருத்தடை செய்யும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்கும். கிரேஹவுண்டுகளின் உடலில் கொழுப்பு மிகக் குறைவு. தயோபென்டோன் போன்ற மயக்க மருந்துகளை அவற்றின் கல்லீரல் மெதுவாகத்தான் சிதைக்கும், அதனால் அவை விழித்தெழ நெடுநேரம் ஆகும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் மற்ற நாய்களைவிட இயல்பாகவே குறைவாக இருக்கும். நம் ஒல்லிவாகு நாய்களிலும் அந்த எச்சரிக்கையோடு மயக்கம் கொடுப்பதுதான் பாதுகாப்பு. அறுவை முடிந்ததும் போர்த்திவையுங்கள், உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும்.

16 நாய்களுக்கு வீடு தேடுவது மலைப்பாக இருந்தால் சீனாவைச் சேர்ந்த மக்காவ் நகரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்த கேனிட்ரோம் நாய்ப் பந்தய மைதானம் 2018-ல் மூடப்பட்டபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட கிரேஹவுண்டுகள் நடுத்தெருவுக்கு வரும் நிலை. உள்ளூர் விலங்கு நல அமைப்பு ஒன்று முன்னின்று, பல நாட்டு அமைப்புகளோடு சேர்ந்து, அவற்றைப் படிப்படியாக வெளிநாட்டு வீடுகளுக்கு அனுப்பியது. ஒரு நாய்க்கு ஒரு கோப்பு, படம், குணக்குறிப்பு, மருத்துவச் சீட்டு என்று தயார் செய்தால்தான் அப்படிப்பட்ட வேலை நகரும். உங்கள் 31 நாய்களுக்கும் இந்த வாரமே அதைச் செய்யத் தொடங்குங்கள். அங்கே ஒரு பந்தயத் தொழில் இருந்தது, அதன்மேல் அழுத்தம் கொடுக்க முடிந்தது. இங்கே நாயை விடுகிறவர் தனித்தனி ஆள். அதனால் வெளிநாட்டு அமைப்புகளின் நன்கொடை முறையை அப்படியே எடுத்துவர முடியாது, வீடு தேடும் முறையை எடுத்துக்கொள்ளலாம்.

அந்த அடகு நகை. இனி அதைச் செய்யாதீர்கள், கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே போட்ட பணத்தை 'அறங்காவலர் கொடுத்த கடன்' என்று டிரஸ்ட் கணக்கில் எழுதி, தீர்மானம் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் நாளைக்கு அது உங்கள் பணம் என்று காட்ட ஆதாரம் இருக்காது. மருத்துவரை அவர் கூப்பிடும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்ப் பாருங்கள். மாதம் 5,000 என்று எழுதிக் கொடுத்து, தவறாமல் கட்டுங்கள். 17 மாதத்தில் முடியும். இந்த 5,000-த்தை மேலே சொன்ன 33 பேரோடு சேர்த்துக்கொள்ள வேண்டாம், 'மருத்துவப் பாக்கி' என்று தனியாகக் கேளுங்கள். சிக்கலான அறுவைகளுக்குத் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சாதாரணத் தடுப்பூசிக்கு அருகிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையையும், செப்டம்பர் 28 ரேபிஸ் தினத்தையொட்டி நடக்கும் முகாம்களையும் பயன்படுத்துங்கள்.

செலவு குறைக்கும் அவசரத்தில் தடுப்பூசி, குடற்புழு மருந்து, உண்ணி மருந்து மூன்றையும் தொடவே கூடாது. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. ஈரத்தில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், கூட்டிப் பெருக்குகிறவருக்கும் வரும். பணியாளருக்கு ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுங்கள், சிறுநீர் கலந்த தண்ணீரில் வெறுங்காலோடு நிற்க விடாதீர்கள். இந்த நாய்களுக்கு எலும்பின்மேல் சதை குறைவு என்பதால் வெறும் சிமெண்ட் தரையில் படுத்தால் முட்டியிலும் இடுப்பிலும் புண் வரும். மரப்பலகையின்மேல் சாக்கு விரித்தால் போதும், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்.

தீனியில் மிச்சம் பிடிக்க வழி உண்டு. சாளை மலிவாகக் கிடைக்கிற நாட்களில் வாங்கி, முள் மசியும்வரை வேகவைத்துச் சோற்றோடு கொடுக்கலாம். கோழிக்கடையில் மிஞ்சுவதையும் வேகவைத்தே கொடுங்கள், வெந்த எலும்பை மட்டும் பொறுக்கி எடுத்துவிடுங்கள். யாராவது மரச்சீனிக் கிழங்கு மூட்டை கொண்டுவந்து போட்டால் தோலை உரித்து, நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கொடுக்க வேண்டும். பச்சைக் கிழங்கிலும் தோலிலும் சயனைடு உண்டு. விலா எலும்பு லேசாகத் தெரிவது இந்த இனத்துக்கு இயல்பு, முதுகெலும்பு முட்டித் தெரிந்தால் பட்டினி. பார்க்க வருகிறவர்கள் 'ஒல்லியா இருக்கே' என்பார்கள், அதற்காகச் சோற்றை மட்டும் கூட்டாதீர்கள்.

இனி வெளிநாட்டுப் பணம். இதில் தவறினால் டிரஸ்ட்டே போய்விடும். துபாயில் இருப்பவர்கள் இந்தியக் குடிமக்களாக இருந்து, தங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது, தாராளமாக வாங்கலாம். பாஸ்போர்ட் நகலை ரசீதோடு வைத்துக்கொள்ளுங்கள். லண்டன் உறவினர் பிரிட்டிஷ் குடிமகன். அவர் தமிழராக இருந்தாலும், ரூபாயாகவே கொடுத்தாலும் அது 2010-ம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். அதன்படி பணம் வாங்கப் பதிவு வேண்டும், அதைப் பெறப் பொதுவாக மூன்று வருடச் செயல்பாடும், அந்தக் காலத்தில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். பதிவுள்ள வேறொரு அமைப்பு வழியாக வாங்கலாமா என்றால், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுவும் முடியாது. இங்குள்ள உறவினர் கணக்கில் போட்டு மாற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். லண்டன்காரர் பணத்துக்குப் பதிலாக நேரம் தரட்டும். நாய்களின் கோப்புகளை எழுதுவது, மாதாந்திரக் கணக்கு அறிக்கையை வடிவமைப்பது எல்லாம் அங்கிருந்தே செய்யக்கூடிய வேலைகள்.

நன்கொடை தருபவருக்கு வருமான வரிச் சலுகை தரும் 80ஜி சான்று இருந்தால் நல்லது, ஆனால் அதையே பெரிய கவர்ச்சியாகச் சொல்ல வேண்டாம். புதிய வரி முறையைத் தேர்ந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடையாது. உங்கள் பதிவு எந்தத் தேதிவரை செல்லும் என்பதை ஆடிட்டரிடம் உடனே கேளுங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி. நீங்கள் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் கொட்டகைச் சாவி யாரிடம் இருக்கும், எந்த நாய்க்கு எந்த மாத்திரை என்று யாருக்குத் தெரியும்? இரண்டு பேரிடம் சாவி கொடுங்கள். சுவரில் மருந்துப் பட்டியல் ஒட்டுங்கள். வாரத்தில் ஒரு நாள் போனை வேறொருவர் எடுக்கட்டும். நாய்களைத் தொடும் எல்லோருக்கும், உங்களுக்கும் சேர்த்து, கடிபடும் முன்பே போடும் ரேபிஸ் தடுப்பூசி போட்டுவிடுங்கள். டிரஸ்ட் பத்திரத்தை எடுத்து, அமைப்பைக் கலைக்க நேர்ந்தால் சொத்து யாருக்குப் போகும் என்ற பிரிவைப் படியுங்கள். நாய்கள் யாரிடம் போகும் என்று அதில் இருக்காது. ஒப்புக்கொள்ளும் இரண்டு காப்பகங்களிடம் பேசி, எத்தனை நாய்களை ஏற்பார்கள் என்று எழுத்தில் வாங்கி, அந்தத் தாளைப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள்.