நடுராத்திரிச் சத்தம்: கேள்விகளும் பதில்களும்

மத்தேயு 25-ல் இயேசு சொன்ன பத்துக் கன்னிகைகள் உவமையில், புத்தியுள்ள ஐந்து பேரும் புத்தியில்லாத ஐந்து பேரும் தீவட்டிகளோடு மணவாளனை எதிர்கொள்ளக் காத்திருக்கிறார்கள்; "இதோ, மணவாளன் வருகிறார்" என்ற சத்தம் நடுராத்திரியில் கேட்கிறது. அந்த நடுராத்திரியைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதுகிறேன்.

ஐயா, கடைசிக் காலத்தைப் பற்றிப் பிரசங்கிக்கிறவர்கள் "இப்போது மணி 11:59" என்கிறார்கள். இயேசு ராத்திரி 12 மணிக்குத்தான் வருவாரா?

வேதம் அப்படிச் சொல்லவில்லை. நமக்குத் தேதி மாறுவது ராத்திரி 12 மணிக்கு. யூதர்களுக்கோ பொழுது சாயும்போதே அடுத்த நாள் பிறந்துவிடும். ஆதியாகமத்தின் முதல் அதிகாரமே "சாயங்காலமும் விடியற்காலமுமாகி" என்றுதான் நாளை எண்ணுகிறது. ஆகவே இயேசு சொல்லக் கேட்டவர்களுக்கு நடுராத்திரி என்பது ஊர் அடங்கி, தூக்கம் அழுத்துகிற நேரம், அவ்வளவுதான். மாற்கு 13:35-ஐயும் பாருங்கள்: சாயங்காலம், நடுராத்திரி, சேவல் கூவும் நேரம், காலை என்று ரோமர்களின் நாலு சாமங்களையும் சொல்லிவிட்டு, எதில் வருவார் என்று தெரியாது என்கிறார்.

அப்படியானால் உவமையில் ஏன் குறிப்பாக நடுராத்திரி?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. யாத்திராகமம் 12:29-க்குப் போங்கள். எகிப்தின் தலைப்பிள்ளைகள் செத்தது நடுராத்திரியில். இஸ்ரவேலர் இடுப்பில் கச்சை கட்டி, காலில் பாதரட்சை போட்டு, கையில் தடியோடு பஸ்கா பண்டிகை உணவைப் புசித்துப் புறப்படத் தயாராக இருந்ததும் அதே ராத்திரிதான். ஒரு வீட்டில் அழுகை, அடுத்த வீட்டில் விடுதலை. நியாயத்தீர்ப்பும் மீட்பும் ஒரே நேரத்தில் வந்து நிற்பதற்கு அடையாளமாக நடுராத்திரி ஆனது இப்படித்தான்.

மேசியா எகிப்தில் நடந்ததுபோலவே நடுராத்திரியில் வருவார் என்று யூதர்களிடம் ஒரு பாரம்பரியம் இருந்ததாகப் பழங்காலச் சபை அறிஞர் ஜெரோம் தன் மத்தேயு விளக்கவுரையில் எழுதியிருக்கிறார். ஈஸ்டர் கண்விழிப்பு ஆராதனையில் நடுராத்திரிக்கு முன்னால் சபையாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்ற வழக்கத்துக்கும் அவர் சொல்லும் காரணம் இதுதான். ஈஸ்டர் ராத்திரியில் அவர் வந்துவிடலாம் என்று அந்த ஜனங்கள் நிஜமாகவே காத்திருந்தார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கலங்கும்.

புத்தியில்லாத ஐந்து பேர் தூங்கிவிட்டதுதானே தப்பு?

இல்லை, சகோதரி. 5-ம் வசனத்தை மறுபடி வாசியுங்கள்: பத்துப் பேருமே தூங்கினார்கள். ஐந்து பேரிடம் பாத்திரத்தில் தனியாக எண்ணெய் இருந்தது, ஐந்து பேரிடம் இல்லை. வித்தியாசம் அதில்தான். தீவட்டி வீட்டு விளக்கு மாதிரி நிதானமாக எரியாது. எண்ணெயில் நனைத்த துணி சீக்கிரம் கருகிவிடும், மேலே மேலே ஊற்றவேண்டும். மணவாளன் சாயங்காலமே வந்திருந்தால் பத்துப் பேரும் ஒரே மாதிரிதான் தெரிந்திருப்பார்கள். அவர் வரத் தாமதித்ததால்தான் குறை வெளியே வந்தது.

1844-ல் தேதி குறித்துக் காத்திருந்தார்களாமே, அது இந்த உவமையை வைத்துத்தானா?

ஆமாம். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியார் 1843 மார்ச்சுக்கும் 1844 மார்ச்சுக்கும் இடையில் இயேசு வருவார் என்று கணித்தார். வரவில்லை. அப்புறம் 1844 ஆகஸ்டில் எக்ஸெட்டர் என்ற ஊரில் நடந்த கூட்டத்தில், மில்லரைப் பின்பற்றிய சாமுவேல் ஸ்னோவின் கணக்கு பரவியது. தீர்க்கதரிசனத்தில் ஒரு நாள் ஒரு வருஷம், ஆகவே ஒரு ராத்திரி ஆறு மாதம். மணவாளன் தாமதிப்பது வசந்தத்தில் தொடங்கியதால் நடுராத்திரி ஜூலையில் வருகிறது, மணவாளன் வருவது அக்டோபர் 22. "மெய்யான நடுராத்திரிச் சத்தம்" என்றே இதற்குப் பெயர் வைத்தார்கள்.

அன்று காத்திருந்த ஹைராம் எட்சன் பின்னால் எழுதிவைத்திருக்கிறார்: கடிகாரம் 12 அடிக்கும்வரை எதிர்பார்த்தோம், அடித்ததும் ஏமாற்றம் உறுதியாகிவிட்டது, பொழுது விடியும்வரை அழுதோம் என்று. அவர்களை ஏளனம் செய்ய எனக்கு மனம் வராது, அவர்களுடைய ஏக்கம் உண்மையானது. ஆனால் "நாளையாவது நாழிகையையாவது நீங்கள் அறியாதிருக்கிறபடியால்" என்று அதே உவமை 13-ம் வசனத்தில் முடிகிறது. உவமையிலிருந்தே தேதி எடுத்தவர்கள் அந்த வசனத்தைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

உலகம் முழுக்க ஒரே நேரத்தில் நடுராத்திரி வராதே?

சரிதான். லூக்கா 17-ல் "அந்த இராத்திரியில்" இரண்டுபேர் படுக்கையில் இருக்கிறார்கள். மத்தேயு 24:40-ல் இரண்டுபேர் வயலில் இருக்கிறார்கள். தூங்குகிறவனுக்கும் வருகை உண்டு, வேலை செய்கிறவனுக்கும் உண்டு.

வருகையைப் பற்றிய ஒரு பிரசங்கம் கேட்டதிலிருந்து என் மகள் ராத்திரியில் தூங்கப் பயப்படுகிறாள். பத்து வயசு. என்ன சொல்வது?

அம்மா, முதலில் அவளிடம் அது கல்யாணச் சத்தம் என்று சொல்லுங்கள். வாசலில் வருவது மாப்பிள்ளை. ஆர்த்தடாக்ஸ் சபைகளில் பரிசுத்த வாரத்தின் முதல் மூன்று நாளும் நடுராத்திரி மணவாளனைப் பற்றிப் பாடுகிறார்கள். அவர்கள் வைத்திருக்கும் மணவாளன் திருவுருவத்தில் இயேசுவின் தலையில் முள்முடி இருக்கும், கைகள் கட்டப்பட்டிருக்கும். அடிக்க வருகிறவர் கைகளைக் கட்டிக்கொண்டு வருவாரா? அந்தப் படத்தை அவளுக்குக் காட்டுங்கள். அப்புறம் அப்போஸ்தலர் 16:25-ஐ வாசித்துக் காட்டுங்கள். காலைத் தொழுமரத்தில் மாட்டிவைத்திருந்தும் பவுலும் சீலாவும் நடுராத்திரியில் பாடிக்கொண்டிருந்தார்கள். பத்துப் பேருமே தூங்கினார்கள் என்பதையும் சொல்ல மறக்காதீர்கள்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் நடுராத்திரி எங்கே வருகிறது?

அந்த வார்த்தையே அதில் இல்லை. புதிய எருசலேமில் "இராக்காலம் இல்லை" என்று 21-ம் அதிகாரம் சொல்கிறது, 22-ம் அதிகாரமும் அதையே திரும்பச் சொல்கிறது. அங்கே, 22:16-ல், இயேசு தம்மை விடிவெள்ளி நட்சத்திரம் என்கிறார்.