சித்தி சொல்வது பாதிதான் சரி

கேள்வி: என் அம்மாவுக்கு 52 வயதில் கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்து, சிகிச்சையில் குணமானது. இப்போது அக்காவுக்கு பாப் ஸ்மியரில் (கருப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) கோளாறு தெரிந்து, சதை எடுத்துப் பார்த்து 'சி.ஐ.என். 2' என்று ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு 36 வயது. "இது நம்ம ரத்தத்திலேயே இருக்கு" என்கிறார் சித்தி. எச்சிலை அனுப்பினால் ஜீனைப் பார்த்துச் சொல்கிறார்களாமே, அதைச் செய்துகொள்ளவா? எனக்கு 12 வயதில் மகள் இருக்கிறாள்.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: எச்சிலை எங்கும் அனுப்ப வேண்டாம். அந்தப் பணத்தை ஹெச்.பி.வி. பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே ஹெச்.பி.வி. வைரஸால் வருபவை. அதன் 16, 18 ஆகிய இரண்டு வகைகளே பத்தில் ஏழுக்குக் காரணம். உடலுறவின் மூலம் யாருக்கும் தொற்றக்கூடிய வைரஸ் இது. (இதை வைத்து ஒரு பெண்ணின் நடத்தையை அளப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது.)

ஆனால் உங்கள் சித்தியை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாகவே போய்விடுகிறது. சிலருக்கு மட்டும் ஏன் தங்கிவிடுகிறது? ஸ்வீடனில் குடும்பப் பதிவேடுகளை வைத்துப் பார்த்தபோது, இந்த நோய் வந்தவர்களைப் பெற்ற தாய்க்கும் உடன்பிறந்த சகோதரிக்கும் அது வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காக இருந்தது. வளர்ப்புத் தாய்க்கு அப்படி ஏறவில்லை. ஆக, ஒரே வீட்டில் வாழ்ந்ததால் மட்டும் வந்த ஒற்றுமை அல்ல அது.

இதில் அதிகம் பேசப்படுபவை 6-வது குரோமோசோமில் உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள். வைரஸின் துண்டுகளைச் செல்லின் வெளிப்பரப்பில் ஏந்தி, "இவன்தான் திருடன்" என்று நோய் எதிர்ப்புச் செல்களுக்குக் காட்டுவது இவற்றின் வேலை. இந்த மரபணுக்கள் ஆளுக்கு ஆள் வேறுபடும். சில வடிவங்கள் துண்டை நன்றாகக் காட்டுகின்றன, சில சுமாராக. சுமாரான வடிவம் அமைந்தால் வைரஸ் தங்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். அந்தக் 'கொஞ்சம்', உங்களுக்கு நோய் வருமா வராதா என்று சொல்லப் போதாது.

இன்னொரு கதையும் உண்டு. பி53 என்ற காவல் புரதத்தில் ஒரே ஓர் எழுத்து மாற்றம் இருந்தால் ஆபத்து ஏழு மடங்கு என்று 1998-ல் ஓர் ஆய்வு வந்தது. பெரிய பரபரப்பு. பிறகு வேறு பலர் பார்த்தபோது அந்த ஏழு மடங்கு நிற்கவில்லை. ஜீன் பரிசோதனை விளம்பரங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் ஞாபகம் வரும்.

ஒரு விதிவிலக்கு: வீட்டில் யாருக்காவது சிறு வயதிலிருந்தே உதட்டிலும் வாய்க்குள்ளும் கரும்புள்ளிகள், குடலில் பாலிப் (சிறு சதை வளர்ச்சி) என்று இருந்தால், அது பியூட்ஸ்-ஜெகர்ஸ் என்ற பரம்பரைக் கோளாறாக இருக்கலாம். அதில் அபூர்வமான ஒரு வகைக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரலாம். அப்படியென்றால் மட்டும் மரபணு மருத்துவரைப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது ஹெச்.பி.வி. பரிசோதனை. 30 வயதிலிருந்து 5 முதல் 10 வருடத்துக்கு ஒரு முறை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. உங்கள் குடும்பக் கதையை வைத்து நான் 5-ஐத் தாண்ட விடமாட்டேன். புகைப் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் ஜீனை மாற்ற முடியாது, அதை முடியும்.

அக்காவுக்கு வந்திருப்பது புற்றுநோய் அல்ல, அதற்கு முந்தைய மாற்றம். கண்காணிப்பா, அந்த இடத்தை மட்டும் எடுத்துவிடுவதா என்பதை அவருடைய மருத்துவர் வயதையும் குழந்தை ஆசையையும் கேட்டு முடிவு செய்வார். கொடுத்த தேதியைத் தள்ளிப்போட வேண்டாம்.

மகளுக்கு இப்போதே ஹெச்.பி.வி. தடுப்பூசி போடுங்கள். 9 முதல் 14 வயதுதான் அதற்குச் சரியான காலம், வைரஸ் வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பலன். பெரியவளானதும் அவளும் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஊசி அந்த வைரஸின் எல்லா வகைகளையும் தடுப்பதில்லை.